சனிக்கிழமை நாலு மணிக்குப் பேசலாம்

அன்னூரைத் தாண்டி சத்தியமங்கலம் சாலையில் இருக்கும் அந்த விடுதிப் பள்ளியில் இருபத்திரண்டு விதிகள் உண்டு. காலை வழிபாட்டில் கடவுள் வாழ்த்து முடிந்ததும் ஒரு மாணவி முன்னால் வந்து அவற்றைச் சொல்ல, எண்ணூறு பேரும் திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்றாவது விதி, வகுப்பிலும் வராந்தாவிலும் உணவுக்கூடத்திலும் குளியலறை வரிசையிலும் பேசக் கூடாது என்பது. எண்ணூறு பேர் ஒரே குரலில் 'பேசக் கூடாது' என்று கத்துவதைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திக் கேட்டிருக்கிறார்கள்.

இந்தப் பள்ளியிலேயே நன்றாகப் பேசுகிறவள் ஜோஸ்லின். பிளஸ் ஒன், பி பிரிவு. அங்கே சேர்ந்த மூன்று வருடத்தில் வகுப்புத் தலைவி எழுதும் 'பேசியவர்கள்' பட்டியலில் அவள் பெயர் நூற்றுச் சொச்சம் முறை வந்திருக்கிறது. அதே மூன்று வருடத்தில் கைதட்டலோடு ஏழு முறை வழிபாட்டு மேடை ஏறியிருக்கிறாள். இரண்டும் ஒரே குற்றத்துக்குத்தான்.

அப்பா தேவதாஸ் அந்தியூரில் மின்வாரிய வயர்மேன். அம்மா ஜெபமணி ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர். தேவதாஸின் அப்பா அடுத்தவர் தோட்டத்தில் பண்ணயத்துக்கு, அதாவது வருடக் கூலி ஆளாக, இருந்தவர். அவர் காலத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் அதிகம் பேசியதில்லை. பேசும்படி யாரும் கேட்டுக்கொண்டதும் இல்லை. மகள் டாக்டராகிவிட்டால் மூன்று தலைமுறைக்கும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்த தேவதாஸ், அதற்காக எட்டாம் வகுப்பு முடித்தவளைப் பேசக் கூடாத பள்ளியில் கொண்டுவந்து சேர்த்தார்.

அங்கே பேசுவதற்கு என்று ஒரு மணி நேரம் இருந்தது. அது வந்த கதை எளிமையானது. சில வருடங்களுக்கு முன் பக்கத்துப் பள்ளி ஒன்று ஏதோ பேச்சுப் போட்டியில் வாங்கிய கேடயத்தைச் சேர்க்கைக் காலத்தில் ஃப்ளெக்ஸ் அடித்து நால்ரோட்டில் கட்டியது. நம் தாளாளர் மயில்சாமி அதைப் பார்த்தார். அவர் முன்பு போர்வெல் ரிக் வண்டி வைத்திருந்தவர். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் வந்தால் நம் தோட்டத்திலும் துளை போட்டாக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். மறு வாரமே சனிக்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை 'பேச்சு மணி' என்று கால அட்டவணையில் சேர்ந்துவிட்டது. பன்னிரண்டு பேருக்கு மட்டும் அனுமதி.

ஒன்பதாம் வகுப்பில் ஜோஸ்லின் அதில் சேர்ந்த முதல் நாள், பெயரையும் ஊரையும் சொல்லச் சொன்னார்கள். அவள் எழுந்து பதினோரு நிமிடம் சொன்னாள். ஆறு நாள் அடைத்து வைத்தது அத்தனையும் வெளியே வந்தது. அதன் பிறகு அவளுக்கு வாரம் என்பது சனிக்கிழமை நாலு மணியில் தொடங்கி ஐந்து மணியில் முடிந்தது. மீதியெல்லாம் அதற்காகக் காத்திருப்பது.

இதைப் படித்துவிட்டு அந்த ஒரு மணி நேரம் சுதந்திரப் பூங்கா என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதை நடத்தியவர் தமிழய்யா அங்கப்பன். அவருடைய முறையில் பேச்சை எழுதுவது அவர் வேலை, பேசுவது மாணவியின் வேலை, யோசிப்பது யாருடைய வேலையும் அல்ல. எழுதிக் கொடுக்கும் தாளில் சிவப்பு மையால் குறிப்புகள் இருக்கும். இங்கே வலது கை. இங்கே மூச்சு. இங்கே கண் கலங்கவும். போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது விடியற்காலை நாலரைக்கு எழுப்பி மொட்டை மாடியில் நிறுத்தி ஒப்பிக்க வைப்பார். அரையாண்டில் ஜோஸ்லினுக்கு இயற்பியலில் மதிப்பெண் குறைந்தபோது இயற்பியல் ஆசிரியை அவள் வாயைக் குறை சொன்னார். போட்டியில் ஒரு முறை வரி மறந்தபோது தமிழய்யா இயற்பியலைக் குறை சொன்னார். குறை சொல்லப்படாமல் தப்பித்தவர்கள் பெரியவர்கள் மட்டும்தான்.

இருந்தாலும் தமிழய்யாவின் மூச்சு விடும் குறிப்புகளுக்கு நடுவே ஜோஸ்லின் சொந்தமாக ஒரு வரி, இரண்டு வரி சொருகப் பழகிக்கொண்டாள். அவர் கவனித்தால் முறைப்பார். நடுவர் கைதட்டினால் அது தான் எழுதியது என்பார்.

இந்த ஜனவரியில் தாளாளர் ஓர் அறிவிப்புச் செய்தார். வரும் ஜூனிலிருந்து சனிக்கிழமை நாலு மணியும் மருத்துவ நுழைவுத் தேர்வுப் பயிற்சிக்குப் போகும். கோவையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் மண்டல விவாதப் போட்டியின் சுழற்கேடயம் வந்தால் மட்டும் பேச்சு மணி பிழைக்கும். வருகிற தண்ணீரைப் பார்த்துத்தானே மேற்கொண்டு துளை போடுவது. ஜோஸ்லின் அன்று இரவுச் சாப்பாட்டில் பூரியைத் தொடவில்லை. அந்த விடுதியில் பூரி மாதம் ஒரு முறைதான் என்பது தெரிந்தவர்களுக்கு இதன் கனம் புரியும்.

போட்டித் தலைப்பு வந்தது: 'விடுதிப் பள்ளிகளே மாணவரைச் செம்மைப்படுத்துகின்றன.'

மயில்சாமி தலைப்பை இரண்டு முறை படித்தார். தன் பள்ளிக்காகவே யாரோ எழுதியது போலிருந்தது. ஒட்டிப் பேசுவதா வெட்டிப் பேசுவதா என்பது போட்டி அன்று அரை மணி நேரம் முன்னால் டாஸ் போட்டுத்தான் தெரியும், அதனால் இரண்டு பக்கமும் தயாராக இருக்க வேண்டும் என்று விதிமுறையில் இருந்தது. தமிழய்யா அதைக் காட்டினார். தாளாளர் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார். ரிக் வண்டிக் காலத்தில் எந்தத் தோட்டத்தில் இறங்குவதற்கும் முன்னால் கோயிலில் பூக் கேட்டுவிட்டுத்தான் இறங்குவார். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் தண்ணீர். இப்போதும் அப்படியே கேட்டார். வெள்ளை வந்தது. ஆகவே ஒட்டிப் பேசுவதற்கு மட்டும் தயாரித்தால் போதும்.

"டாஸ்ல மாறி வந்துட்டா என்னங்க பண்றது?" என்று அங்கப்பன் கேட்டார்.

"டாஸ்ல என்ன வரும்னுதானுங்களே பூக் கேட்டது" என்றார் மயில்சாமி.

வாதத்தில் ஓட்டை இல்லை. அங்கப்பன் ஒட்டி மட்டும் எழுதினார். ஜோஸ்லினும் அவளோடு பேசப்போகும் கயல்விழியும் ஒட்டி மட்டும் மனப்பாடம் செய்தார்கள். கயல்விழி புளியம்பட்டிப் பக்கத்துப் பெண். எழுதிக் கொடுத்தால் முற்றுப்புள்ளி உட்பட ஒப்பிப்பாள். எழுதிக் கொடுக்காவிட்டால் வணக்கம்கூடச் சொல்லமாட்டாள். வெட்டிப் பேச இரண்டு வரியாவது யோசித்து வைக்கலாம் என்று ஜோஸ்லின் ஒரு சனிக்கிழமை சொல்லிப் பார்த்தாள். சாமி சொன்னதையே சந்தேகப்படுகிறாளா என்று தமிழய்யா கேட்டார். எந்தச் சாமியைக் கேட்கிறார் என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு வெளியே விட மறுக்கும் பள்ளியில் அதைக் கேட்காமல் இருப்பதே நல்லது என்று விட்டுவிட்டாள்.

போட்டி அவினாசி சாலையில் ஒரு கல்லூரி அரங்கில். எதிரணி நகரத்துப் பள்ளி ஒன்று. அதில் பேசும் சைதன்யா வீட்டிலிருந்து காரில் வந்து வீட்டுக்குக் காரில் போகிறவள். விடுதி என்பதை அவள் பார்த்ததெல்லாம் சுற்றுலா போகும் வழியில்தான். டாஸ் போட்டார்கள். அவளுக்கு ஒட்டி வந்தது. இவர்களுக்கு வெட்டி.

முன்வரிசையில் மயில்சாமி உட்கார்ந்திருந்தார். அவர் வாழ்க்கையில் வெள்ளைப் பூ வந்து வறண்ட கிணறுகளும் உண்டு. அப்போதெல்லாம் தோட்டக்காரர்தான் திரும்பிப் போவார், ரிக் வண்டி அடுத்த ஊருக்குப் போய்விடும். இங்கே தோட்டமும் அவருடையதாகப் போய்விட்டது. தமிழய்யாவைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். அங்கப்பன் மேடைக்குப் பின்னால் ஓடிவந்து இரண்டு பெண்களிடமும் சொன்னார்:

"ஜெயிக்கோணும். ஆனா விடுதியப் பத்தித் தப்பா ஒரு சொல்லு வந்தரக் கூடாது."

"விடுதி தப்புன்னு சொல்றதுதானுங்க ஐயா நம்ம பக்கம்" என்றாள் ஜோஸ்லின்.

"அதான் சொல்றன். நாசூக்கா."

கயல்விழி முதலில் பேசினாள். அரை மணி நேரத்தில் அவள் கண்டுபிடித்த வழி ஒன்றே. மனப்பாடம் செய்த ஒட்டிப் பேச்சை அப்படியே சொல்லி, ஒவ்வொரு வரிக்குப் பின்னும் மூச்சு வாங்கி 'அல்ல' சேர்ப்பது. விடுதி ஒரு குருகுலம், அல்ல. விடுதிக் காப்பாளர் இன்னொரு தாய், அல்ல. வரியின் நடுவில் கை உயர்த்தும் இடத்தில் கை உயர்ந்தது. கண் கலங்கும் இடத்தில் கண் கலங்கியது. அது நிஜக் கலக்கம்.

அடுத்து ஜோஸ்லின். நாலு நிமிடம். கையில் தாள் இல்லை. வேறு வழியில்லாமல் தனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே இன்னொரு பாடத்தை எடுத்தாள். பள்ளியின் இருபத்திரண்டு விதிகள். மூன்று வருடம் தினமும் சொன்னவை. பள்ளி தனக்கே தெரியாமல் அவளை எதிர்த்தரப்புக்கும் தயார் செய்திருந்தது.

பதினான்காவது விதியைச் சொன்னாள்: 'தேர்வுக் காலத்தில் மாணவரின் மனதைக் கலைக்கும் செய்திகள் மாணவருக்குத் தெரிவிக்கப்படமாட்டா.' எந்தப் பள்ளி என்று சொல்லவில்லை. அது வரை மேடைத் தமிழில் வந்தவள், அதற்கு மேல் எழுதிக் கொடுக்க ஆளில்லாததால் அந்தியூருக்கு இறங்கிவிட்டாள்.

"போன காலாண்டுப் பரிச்சையப்போ எங்கப்பா கம்பத்துல இருந்து விழுந்துட்டாருங்க. கால் ஒடிஞ்சு பன்னெண்டு நாள் ஆசுபத்திரில இருந்தாரு. ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிசம் போன் குடுப்பாங்க. ஸ்பீக்கர்ல போட்டு வார்டன் பக்கத்துலயே நிப்பாங்க. அம்மாகிட்ட அப்பா எங்கேன்னு கேட்டேன். டூட்டிக்குப் போயிருக்காரு கண்ணுன்னாங்க. எனக்கு அப்போ காய்ச்சலுங்க. நல்லாருக்கயான்னு கேட்டாங்க. நல்லாருக்கம்மான்னேன். அஞ்சு நிமிசத்துல ஒரு வார்த்தைகூட நெசமில்லைங்க. ஆனா ரண்டு பேருமே ரொம்ப ஒழுக்கமாப் பேசுனோம்."

அரங்கம் கைதட்டவில்லை. கைதட்டுவதற்கான இடம் அது என்று யாருக்கும் படவில்லை. நடுவர்களில் ஒருவர், ஓய்வு பெற்ற பேராசிரியர், பேனாவைக் கீழே வைத்தார். மயில்சாமி இரண்டு கையையும் முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். விதி பதினான்கை எழுதியவர் அவரேதான்.

அந்த இடத்தில் போட்டி முடிந்திருந்தால் கேடயம் அவளுக்கு. ஆனால் குறுக்குக் கேள்வி என்று ஒரு சுற்று இருந்தது. சைதன்யா எழுந்தாள். விடுதியைப் பார்க்காதவள் என்றாலும் விவாதம் பார்த்தவள். ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவ்வளவு மோசம்னா நீங்க ஏன் இன்னும் அங்கேயே இருக்கீங்க?"

இதற்குத் தயார் பதில்கள் நிறைய உண்டு. அப்பா சேர்த்தார், வழியில்லை, பிளஸ் ஒன் நடுவில் மாற முடியாது. எல்லாமே உண்மை. ஜோஸ்லின் இருந்த உண்மைகளில் தனக்கு அதிக நஷ்டம் தருவதைத் தேர்ந்தெடுத்தாள். மூன்று வருட விவாதப் பயிற்சி அதைத் தடுத்திருக்க வேண்டும்.

"சனிக்கிழமை நாலு மணிக்கு அங்க பேச உடுவாங்க. அதுக்குத்தானுங்க."

சைதன்யா நடுவர்கள் பக்கம் திரும்பி, இத்தனை அழகாகப் பேசும் ஒரு மாணவியை உருவாக்கியது விடுதியின் ஒரு மணி நேரம்தான் என்று எதிரணியே ஒப்புக்கொண்டதற்கு நன்றி தெரிவித்துவிட்டு அமர்ந்தாள். இப்போது அரங்கம் கைதட்டியது. ஒன்றரை மதிப்பெண்ணில் கேடயம் நகரத்துக்குப் போயிற்று.

வேனில் யாரும் பேசவில்லை. விதி மூன்று வேனுக்குப் பொருந்துமா என்று விதியில் இல்லை, அன்று பொருந்தியது. கணேசபுரம் தாண்டும்போது கயல்விழி மட்டும் முணுமுணுத்தாள், "ஏன் புள்ள அப்படிச் சொன்னே?" கேடயம் இல்லை என்றால் ஜூனிலிருந்து பேச்சு மணி இல்லை. ஜோஸ்லின் தன் வாயாலேயே அதைக் காப்பாற்ற வந்து, தன் வாயாலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

திங்கட்கிழமை தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். டி.சி. கொடுக்கத்தான் என்று விடுதிக்குள் பேச்சு. யாரும் பேசாத அந்த விடுதியில் இப்படிப்பட்ட பேச்சுகள் மட்டும் எப்படிப் பரவுகின்றன என்பது ஆராயத்தக்கது.

மயில்சாமி உட்காரச் சொன்னார். மேசையில் ஒரு ஃப்ளெக்ஸ் மாதிரி. அதில் மைக் முன்னால் ஜோஸ்லின், கை உயர்த்தியபடி. கீழே பெரிய எழுத்தில்: 'எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்தது என் விடுதி!'

"நான் அப்படிச் சொல்லலீங்களே ஐயா."

"சொன்னதச் சுருக்குனா அதுதான அம்மணி வருது."

அவர் கோபமாக இல்லை. அரங்கத்தில் முன்னூறு பெற்றோர் கைதட்டியதை அவர் காதால் கேட்டிருக்கிறார். கேடயம் வாங்கியிருந்தால் ஒரு கேடயம்; தோற்றதில் ஒரு விளம்பர வாசகம் கிடைத்திருக்கிறது, அதுவும் எதிர்த்துப் பேசியவள் வாயிலிருந்தே. விதி பதினான்கைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை. அவள் அப்பாவுக்குக் கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். கூடிவிட்டது என்றாள். தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

பேச்சு மணி இருக்கும். ஆனால் ஆண்டு விழாவில், பெற்றோர்களும் புதிதாகச் சேர்க்க வருகிறவர்களும் உட்கார்ந்திருக்கும்போது, அதே தலைப்பில் விவாதம். ஜோஸ்லின் ஒட்டிப் பேச வேண்டும். அந்த ஒரு வரியை இரண்டு முறையாவது சொல்ல வேண்டும்.

முன்வரிசையில் அப்பாவும் அம்மாவும் இருப்பார்கள் என்பது அவளுக்கு உடனே தோன்றியது. மறுத்தால் ஜூனிலிருந்து என்ன என்பதும் தோன்றியது.

"பேசறனுங்க" என்றாள். "எதுத்துப் பேசறது ஆருங்க?"

"அது எதுக்கு?"

"எதுத்துப் பேச ஆளில்லீன்னா அது விவாதம் இல்லீங்க ஐயா. விளம்பரமுங்க."

விளம்பரத்தில் என்ன தப்பு என்று மயில்சாமிக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஆனால் அழைப்பிதழில் விவாதம் என்று அச்சாகிவிட்டது. யோசித்தார். "அந்தக் கயல்விழிப் புள்ளைய நிறுத்திக்கலாம். அது பாவம், எழுதிக் குடுத்ததத்தான் பேசும்."

"ஆமாங்க. எழுதிக் குடுத்ததத்தானுங்க பேசுவா."

"யாரு எழுதறது?"

"தமிழய்யாவுக்கு ஒட்டி எழுதறதே சரியா இருக்குமுங்க. இத நான் எழுதிக்கறனுங்க."

ஒரு நாளும் வறண்ட கிணற்றுக்குப் பொறுப்பேற்காத மனிதர், அந்தப் பொறுப்பு யாரிடமாவது போகிறது என்றதும் சரி என்றார்.

அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஜோஸ்லின் எதிர்த்தரப்புப் பேச்சை எழுத ஆரம்பித்தாள். அப்பா, கம்பம், பன்னிரண்டு நாள், ஸ்பீக்கர் போன். கை எங்கே உயர வேண்டும் என்று சிவப்பு மையில் குறிக்கவும் செய்தாள், பழக்க தோஷம். கயல்விழி எழுத எழுதப் படித்துக்கொண்டு வந்தாள். பாதியில் தாளைத் தன் பக்கம் இழுத்தாள்.

"இது எனக்கு வராது" என்றாள்.

"உனக்கு எது வராது? எழுதுனது எல்லாம் வருமே."

"உங்கப்பன் விழுந்தத நான் எப்படிச் சொல்றது? எங்கூட்டு நாய் செத்ததக்கூடப் பரிச்ச முடிஞ்சுதான் சொன்னாங்க. அத எழுது."

மூன்று வருடத்தில் கயல்விழி ஒரு வரியை மறுத்தது அதுதான் முதல் முறை. ஜோஸ்லின் விடவில்லை. நாய் சின்ன விஷயம், பெற்றோர்கள் சிரித்துவிடுவார்கள், அப்பாவின் கால்தான் கனமான சான்று, நடுவரே பேனாவைக் கீழே வைத்தார் என்று வரிசையாக அடுக்கினாள். கயல்விழி முழுக்கக் கேட்டாள்.

"உங்கப்பனுக்குக் கால் கூடிப்போச்சு" என்றாள். "டைகர் வரலயே."

ஜோஸ்லின் அதற்கு ஒரு மறுப்பு தேடினாள். மணி நாலே முக்கால் ஆகும் வரை தேடினாள். பிறகு அப்பாவின் பன்னிரண்டு நாளையும் கோடு போட்டு அடித்துவிட்டு, நாய் இறந்தது எந்தத் தேதி, அன்றைக்கு என்ன பரீட்சை என்று கேட்டு எழுத ஆரம்பித்தாள்.